கர்ஜத்தில் இரண்டு நாள் கல்யாணம்: பிரிந்த அப்பா அம்மா, கோபத்தில் தாய்மாமன், என்ன செய்யலாம்?

செம்பூர்க்காரி எழுதியது:

வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யாராவது வழி சொல்லுங்கள். ஒரு மாதமாக ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை.

எனக்கு 29 வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் மும்பை செம்பூர், அப்பா வழியில் ஊர் அம்பாசமுத்திரம். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போனார், மூன்று வருடம் கழித்து விவாகரத்தும் ஆனது. இப்போது திருநெல்வேலியில் அவருக்கு வேறு குடும்பம். எனக்கு அங்கே எட்டு வயதில் ஒரு தம்பி இருக்கிறான், ஒரே ஒரு தடவைதான் அவனைப் பார்த்திருக்கிறேன். என்னை வளர்த்தது அம்மா. பகலில் பள்ளிக்கூட வேலை, சாயங்காலம் டியூஷன், அதிலேயே என்னை இன்ஜினியரிங் வரை கொண்டுவந்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா, கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கட்டினார், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

நான் கல்யாணம் செய்துகொள்ளப்போவது டோம்பிவிலியில் இருக்கும் ஒரு மராத்திப் பையனை. நாலு வருடப் பழக்கம். அவருடைய அப்பா 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். அவருடைய அம்மாவை நான் ஆயி (மராத்தியில் அம்மா) என்றுதான் கூப்பிடுகிறேன், என்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிப்ளூண் பக்கம் இருக்கும் பூர்வீக வீட்டில் ஆயிக்கு உள்ள பங்கைப் பற்றி மாப்பிள்ளையின் மாமா பேசப்போய், சித்தப்பா குடும்பத்தோடு பேச்சே நின்றுவிட்டது.

எங்கள் இரண்டு பேருக்கும் அறுநூறு பேர் மண்டபக் கல்யாணம் வேண்டாம். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று பந்தியில் உட்கார்ந்து பேசும் கூட்டத்தின் நடுவில் அம்மாவை நிறுத்த எனக்கு மனசு இல்லை. அதனால் மும்பைக்கு வெளியே கர்ஜத்திலோ அலிபாக்கிலோ ஒரு தோட்ட வீடு எடுத்து, இரண்டு நாள், 90 பேர், எங்கள் சேமிப்பு 11 லட்சத்துக்குள் முடிக்கலாம் என்று நினைத்தோம். அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மா சொல்வது: உன் அப்பா மேடைக்கு வந்தால் நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். மாமா சொல்வது: நான்தான் தாரை வார்க்க வேண்டும், அதுவும் செட்டா நகர் முருகன் கோயில் பக்கத்தில் மண்டபம் எடுத்து ஊரைக் கூப்பிட்டுச் செய்ய வேண்டும், காட்டுக்குள் போய்க் கல்யாணம் செய்தால் ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கும். போன வாரம் அப்பாவே போன் செய்தார். "உன்னைக் கையைப் பிடித்துக் கொடுக்க நான் வருவேன்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. இதற்கெல்லாம் மேலே ஆச்சி, அப்பாவின் அம்மா, 82 வயது, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். விவாகரத்துக்கு அப்புறமும் மாதம் இரண்டு தடவை எனக்குப் போன் செய்வதை நிறுத்தாத ஒரே ஆள். ஆச்சி வராமல் எனக்குக் கல்யாணம் இல்லை.

தாரை வார்ப்பது யார், அப்பாவை எங்கே வைப்பது, ஆச்சியை எப்படி அழைத்து வருவது, மாமாவை எப்படிச் சமாதானம் செய்வது, இதெல்லாம் இல்லாமல் இடம், சாப்பாடு, தேதி. இந்த மாதிரி குடும்பத்தோடு வெளியூரில் கல்யாணம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முலுண்ட் அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் தண்ணீர் குடி. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தம்பி கல்யாணத்தை கர்ஜத்தில்தான் நடத்தினோம், எங்கள் வீட்டிலும் பெரியப்பாவும் அப்பாவும் பதினோரு வருடம் பேசாதவர்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசை இல்லாமல் எழுதுகிறேன்.

இடம் பார்க்கும்போது புல்வெளியையும் நீச்சல் குளத்தையும் பார்க்காதே, அறைகளையும் வாசல்களையும் பார். பேசாத இரண்டு கூட்டம் இருக்கிறது என்றால் உனக்கு வேண்டியது ஒரு பெரிய பங்களா இல்லை, ஒரே வளாகத்துக்குள் தனித்தனி வாசல் உள்ள இரண்டு மூன்று வீடுகள். காலையில் பல் தேய்த்துவிட்டு வெளியே வரும்போது முதலில் யார் முகத்தில் முழிக்கிறோம் என்பதுதான் அன்றைய பொழுதை முடிவு செய்கிறது. நாங்கள் பெரியப்பா குடும்பத்தை ஒரு வீட்டிலும் அப்பாவை அதற்கு எதிர்ப்பக்க வீட்டிலும் வைத்து, காபியை இரண்டு இடத்திலும் போடச் சொன்னோம். அந்த இரண்டாவது காபி அடுப்பு எங்கள் கல்யாணத்தையே காப்பாற்றியது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் பேசிய தோட்ட வீட்டில் இருபது அறை என்றார்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு போய் எண்ணினால் பன்னிரண்டு அறை, மீதி எட்டு என்பது ஒரு ஹாலில் மெத்தை போடுவது. ஜெனரேட்டர் மேடை விளக்குக்கு மட்டும்தான், அறைகளுக்குக் கிடையாது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அதனால் நீங்களே நேரில் போய் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்து, எத்தனை கட்டில், எத்தனை கழிப்பறை, தரைத்தளத்தில் எத்தனை அறை, கரண்ட் போனால் எது எரியும் என்று எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். ஆச்சிக்குத் தரைத்தளம், மேற்கத்திய கழிப்பறை, பக்கத்தில் துணைக்கு ஒரு கட்டில், இது கட்டாயம்.

அலிபாக்கா கர்ஜத்தா என்றால், 82 வயது ஆச்சிக்காக நான் கர்ஜத் பக்கம்தான். அலிபாக் போக, மும்பை கேட்வேயிலிருந்து மாண்ட்வா துறைக்குப் போகும் படகில் ஏறி இறங்குவது வயசானவர்களுக்குச் சிரமம், மழைக்காலத்தில் அந்தப் படகே ஓடாது. 2020-இலிருந்து மும்பை பாவ்ச்சா தக்கா துறையிலிருந்து ரோரோ கப்பல் ஓடுகிறது, காரோடு ஏறலாம், 2024 ஜனவரியில் அடல் சேது கடல் பாலம் திறந்த பிறகு சாலை வழியும் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஊரிலிருந்து ரயிலில் வருபவர்களை யோசித்துப் பார். சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் வண்டிகள் புனே, லோனாவலா, கல்யாண் வழியாகத்தான் வருகின்றன. கல்யாணில் இறக்கி ஒரு வேனில் ஏற்றினால் கர்ஜத். மும்பைக்காரர்கள் லோக்கலில் வந்துவிடலாம், மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒன்று மட்டும்: ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வைத்தால் மத்திய ரயில்வே மெகா பிளாக்கை (பராமரிப்பு வேலைக்காக லோக்கல் வண்டிகளை நிறுத்துவதை) நினைத்துக்கொள், பாதிக் கூட்டம் தாணேயில் நிற்கும். எல்லாரையும் சனிக்கிழமையே வரவழைத்துவிடு.

தேதிக்கு இரண்டு வீட்டுப் பஞ்சாங்கமும் இடிக்கும். அவர்கள் வீட்டில் ஜூலை வாக்கில் வரும் ஆஷாடி ஏகாதசியிலிருந்து நவம்பரில் வரும் துளசி விவாகம் வரைக்கும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், நமக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. துளசி விவாகம் முடிந்து மார்கழி பிறப்பதற்குள் கார்த்திகையில் ஒரு மூன்று வாரம் கிடைக்கும், இல்லாவிட்டால் தை, மாசி. கர்ஜத்தில் அந்த நேரம் குளிரும், பெரியவர்களுக்குக் கம்பளி எடுத்துவரச் சொல். அப்புறம் திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. நாங்கள் ஐந்தே முக்காலுக்கு நாதஸ்வரத்துக்கு மைக் வைத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து நின்றார். ஆறரைக்கு மேல் முகூர்த்தம் பார்த்துக்கொள்.

அப்பா, அம்மா விஷயத்தில் எனக்குத் தோன்றுவது, அப்பாவை ஒரு நாள் மட்டும் கூப்பிடு. முகூர்த்தத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மதியமே கிளம்பட்டும். முதல் நாள் நலங்கு, மெஹந்தி எல்லாம் அம்மாவுடையதாக இருக்கட்டும்.

டோம்பிவிலி பெரியவர் எழுதியது:

மகளே, முலுண்ட் அம்மா சொன்ன ஏற்பாடெல்லாம் சரி, அந்த ஒரு நாள் கணக்கில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பெற்ற தகப்பனை மணி பார்த்து அனுப்பினால் அவர் மனதில் அது நிற்கும், நாளைக்கு உன் மனதிலும் நிற்கும். கூப்பிடுவதென்றால் முழுசாகக் கூப்பிடு, இல்லையென்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

நான் இதை எந்த உரிமையில் சொல்கிறேன் என்றால், 2009-இல் என் மூத்த மகள் கல்யாணம். எனக்கும் என் அண்ணனுக்கும் நெல் வயல் விஷயத்தில் மனஸ்தாபம். அவர் வந்தால் சபையில் ஏதாவது பேசுவார் என்று பயந்து, பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு நேரில் போகாமல் இருந்துவிட்டேன். தபாலில் வந்த பத்திரிகைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு வருடத்தில் அண்ணன் போய்விட்டார். கல்யாணம் அமைதியாகத்தான் நடந்தது. ஆனால் மகளின் ஆல்பத்தை இன்று வரைக்கும் நான் முழுசாகப் பார்த்ததில்லை.

உன் அப்பா செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. உன் அம்மாவின் பதினைந்து வருடத்துக்கு யாரும் ஈடு கட்ட முடியாது. அவரைக் கூப்பிடுவதும் அவருக்கு மனையில் இடம் கொடுப்பதும் வேறு வேறு, அதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். போனில் இல்லை. ஊருக்குப் போ. ஆச்சிக்குப் பத்திரிகை வைக்க எப்படியும் போகத்தானே வேண்டும், ஆச்சி வீட்டுத் திண்ணையில் அவரை வரச்சொல்லி உட்கார வைத்துப் பேசு. தாரை வார்ப்பது அம்மா, உங்களுக்கு அதில் இடம் இல்லை, ஆனால் நீங்கள் வர வேண்டும், ஆச்சியை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு என்று சொல். சும்மா வந்து நாற்காலியில் உட்காரும் மனிதருக்குத்தான் மேடையில் இடம் கிடைக்கவில்லை என்ற கோபம் வரும். 82 வயசுத் தாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் வேலை கையில் இருந்தால் அவருக்கும் அங்கே ஒரு மரியாதையான இடம் இருக்கும், ஆச்சி பிரச்சினையும் தீரும்.

ரயிலில் ஒன்றரை நாள் ஆச்சியை வைத்துக் கூட்டிவர வேண்டாம். மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் மும்பைக்கு நேர் விமானம் இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடு. ரயிலில் வருகிற மற்றவர்களுக்கு, இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கில் இருந்துவிடாதே.

இன்னொன்று, மாமா சொல்வதைக் கோபத்தோடு கேட்காதே. ஊரில் செய்முறை என்று ஒன்று இருக்கிறது. உன் அம்மாவும் மாமாவும் முப்பது வருடமாக எத்தனை வீட்டுக்கு மொய் எழுதியிருப்பார்கள், அவர்கள் எல்லாம் திருப்பிச் செய்யக் காத்திருப்பார்கள். காட்டுக்குள் 90 பேரோடு முடித்துவிட்டால் அந்தக் கணக்கு அந்தரத்தில் நிற்கும். அதனால் கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் செம்பூரிலேயே மாமா பெயரில் பத்திரிகை அடித்து, மாமாவே முன்னால் நின்று வரவேற்கிற மாதிரி ஒரு மதியச் சாப்பாடு போட்டுவிடு.

செம்பூர்க்காரி எழுதியது:

பெரியவரே, உங்கள் அண்ணனைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன். ஆச்சியைக் கூட்டிவரும் பொறுப்பை அப்பாவிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அம்மா தனியாகத் தாரை வார்க்கலாமா? மாமாவின் நண்பர் ஒருவர், கணவன் பக்கத்தில் இல்லாமல் பெண் மட்டும் செய்தால் கல்யாணமே செல்லாது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறார். அம்மா அதிலேயே பயந்துபோய் இருக்கிறார். இரண்டு முறைப்படியும் செய்தால் பதிவில் பிரச்சினை வருமா என்றும் கேட்கிறார்.

தாணே வக்கீல் எழுதியது:

செல்லாது என்று சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார், அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம் 7-ஆவது பிரிவு, மணமகன் மணமகள் இருவரில் யாராவது ஒருவர் பக்கத்துச் சம்பிரதாயப்படி திருமணம் நடக்கலாம் என்கிறது. அந்தச் சம்பிரதாயத்தில் மணமக்கள் ஏழு அடி வைக்கும் சப்தபதி இருந்தால் ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமையாகிறது. கன்னிகாதானம், அதாவது தாரை வார்ப்பது, அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனையாக இல்லவே இல்லை, 2024-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆக அம்மா தனியாகச் செய்தாலும், மாமாவும் அத்தையும் சேர்ந்து செய்தாலும், யாருமே செய்யாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான். சாஸ்திரிகளிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒருவர் மாட்டேன் என்றால் இன்னொருவரைப் பாருங்கள், அன்று காலையில் மேடையில் வைத்து இந்தப் பேச்சு வரக் கூடாது.

இப்போது நிறையப் பேர் செய்கிற ஒரு தப்பைச் சொல்கிறேன். சடங்கு எதுவும் நடக்காமல், விசாவுக்கோ வீட்டுக் கடனுக்கோ என்று முதலிலேயே இந்து திருமணச் சட்டத்தின்கீழ் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பச் சண்டைக்கு முன்னால் காகிதத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தால் அதற்கு வழி 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நோட்டீஸுக்குப் பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் எதிர்ப்பு இல்லை, வருத்தம்தான் இருக்கிறது, அதனால் அந்த வழி தேவைப்படாது. கர்ஜத்தில் சடங்கு முடித்துவிட்டு, மகாராஷ்டிராவின் 1998-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், தாமதமானால் கூடுதல் கட்டணம். மூன்று சாட்சிகளும் நடத்திவைத்த புரோகிதரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டு புரோகிதர்கள் இருப்பார்கள் என்றால் கையெழுத்துப் போடுவது யார் என்று முதலிலேயே பேசி, அவருடைய அடையாள அட்டை நகலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரிகையில் அச்சிட்ட இடமும் தேதியும் விண்ணப்பத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்கட்டும்.

சயான்வாசி எழுதியது:

மற்றதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் ஆயியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் உன் கேள்வியில் அவர் இரண்டு வரியில் வந்து போய்விட்டார். என் அண்ணன் கல்யாணத்தின்போது அப்பா இறந்து மூன்று வருடம், எங்கள் அம்மா பந்தல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். யாரும் போ என்று சொல்லவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. எட்டு வருடம் ஆகியும் என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

கணவரை இழந்தவர் தானாக முன்னால் வர மாட்டார், நீதான் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். முதல் நாள் ஹல்தியில் முதல் மஞ்சளை உனக்குப் பூசுவது ஆயிதான் என்று இப்போதே அவரிடம் போய்க் கேள், நீயே கேள், மாப்பிள்ளையை விட்டுக் கேட்காதே. அன்றைக்கு அவர் கட்டிக்கொள்ள நல்ல நிறத்தில் ஒரு பைட்டணிப் பட்டுப் புடவை நீ வாங்கிக் கொடு. உன் அம்மாவும் ஆயியும் இரண்டு பேரும் தனியாகப் பிள்ளையை முன்னால் கொண்டுவந்து நிறுத்துபவர்கள், அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வை, ஒருவருக்கு ஒருவர் துணையாக இருப்பார்கள்.

மாமா விஷயத்தில் உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. மராத்திக் கல்யாணத்தில் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வருவது அவளுடைய தாய்மாமன்தான். மணமக்களுக்கு நடுவில் அந்தர்பாட் என்ற திரைத் துணியைப் பிடித்து மங்களாஷ்டகம் பாடும் வரைக்கும் அவர் உனக்குப் பின்னாலேயே நிற்பார். அப்படியே மாப்பிள்ளையின் மாமா அந்தப் பக்கம் நிற்பார். நம் பக்கத்தில் மாமன் சீர் வேறு இருக்கிறது. ஆக உன் மாமாவுக்கு இரண்டு முறையிலும் பெரிய இடம். தாரை வார்ப்பதை அம்மாவுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்கும்போது இதைச் சேர்த்துச் சொல், எதையும் பறித்த மாதிரி இருக்காது.

மாட்டுங்கா சமையல் எழுதியது:

நாங்கள் இரண்டு தலைமுறையாகக் கல்யாணச் சமையல் செய்பவர்கள், கர்ஜத், நேரல் பக்கம் நிறையச் செய்திருக்கிறோம். நீங்கள் எங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று எழுதவில்லை, யாரைக் கூப்பிட்டாலும் இதைக் கேளுங்கள்.

முதலில் தண்ணீர். பல தோட்ட வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் அல்லது டேங்கர், குளிக்கச் சரி, சமைக்கவும் காபிக்கும் ஆகாது. 90 பேர் இரண்டு நாள் என்றால் சமையலுக்கும் குடிக்கவும் தனியாகக் கேன் இறக்க வேண்டும். இரண்டாவது கேஸ். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும், வீட்டுச் சிலிண்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும், ராத்திரி பத்து மணிக்கு அங்கே கடை கிடையாது. மூன்றாவது, இடத்துக்காரர் வெளிச் சமையல்காரரை உள்ளே விடுவாரா, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பாரா என்பது. இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எங்களிடம் வருபவர்கள் அதிகம்.

வாழையிலையும் பூவும் மாட்டுங்காவிலிருந்து முதல் நாள் சாயங்காலம் ஏற்றலாம், ஈரத் துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் மதியம் வரைக்கும் நிற்கும். பால், தயிர் கர்ஜத்திலேயே கிடைக்கும்.

நீங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் என்றதும் கை பரபரக்கிறது. மறுநாள் சாப்பாட்டுக்குச் சொதி வையுங்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிதான் போடுவார்கள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு வைத்து, கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். காரம் தெரியாத மராத்தி வீட்டார் அதை விரும்பிச் சாப்பிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நாலு பேருக்கு ஒரு தேங்காய்க் கணக்கு, பால் அங்கேயே அன்றே பிழிய வேண்டும், மும்பையிலிருந்து பிழிந்து எடுத்துப்போனால் வழியிலேயே புளித்துவிடும். கல்யாணத்தன்று இலையில் நம் சாம்பார், அவியல் பக்கத்திலேயே அவர்களுடைய மசாலே பாத் (மசாலா சாதம்), அளுவடி (சேப்பங்கிழங்கு இலை வடை), பூரண்போளி வையுங்கள். தனித்தனி பந்தி மட்டும் வேண்டாம். பந்தி பிரிந்தால் கூட்டமும் இரண்டாகப் பிரிந்துவிடும். பேசாதவர்களை முதல் பந்திக்கு ஒருவர், இரண்டாம் பந்திக்கு ஒருவர் என்று கூப்பிட்டு உட்கார வைக்க ஒரு ஆளை நியமியுங்கள், பரிமாறுபவர்களுக்கு அது தெரியாது.

முலுண்ட் அக்கா எழுதியது:

பெரியவர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். ஒரு நாள் கணக்கு சொன்னது என் அவசரம்தான், நீங்கள் சொன்னது சரி. ஆனால் தங்கச்சி, அப்பா முழுசாக வருகிறார் என்றால் அதை அம்மாவுக்கு முதலில் சொல், மாமா மூலமாகத் தெரியக் கூடாது. அந்த இரண்டு நாளும் யார் எது கேட்டாலும் உன்னிடம் வரவே கூடாது. சாவி, கார், அறை, சண்டை, எல்லாம் ஒரே ஆளிடம் போக வேண்டும். சொந்தக்காரரை வைக்காதே, அவர் எந்தப் பக்கம் என்று ஒரு பேச்சு வரும். உன் தோழி ஒருத்தியை வை.

செம்பூர்க்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். வக்கீல் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், நீதான் தாரை வார்க்கிறாய் அம்மா என்று சொன்னதும் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் எழுந்துபோய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டார். சாப்பிடும்போது, "அவர் வரட்டும், என்னிடம் பேச வரக் கூடாது, என்னையும் அவரையும் சேர்த்துப் போட்டோ எடுக்கக் கூடாது" என்றார். சரி என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், போட்டோகிராபரிடமும் சொல்லியாகிவிட்டது.

போன சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ஆச்சி வீட்டுத் திண்ணையில்தான் அப்பாவோடு பேசினேன். பெரியவர் சொன்ன மாதிரியே சொன்னேன், குரல் நடுங்கியது, ஆனால் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அம்மா செய்யறதுதான் முறை" என்றார். நான் அவரிடமிருந்து எதிர்பார்க்காத ஒரே வார்த்தை. சித்தி வரவில்லையாம், அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், அதைக் கேட்டு நிம்மதியாக இருந்ததா வருத்தமாக இருந்ததா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. தம்பி வருகிறான். விமானத்தில் ஆச்சிக்கு ஜன்னலா தனக்கு ஜன்னலா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மாமா இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆனால் செம்பூர் விருந்துப் பத்திரிகையில் எந்த வரிசையில் பெயர் போட வேண்டும் என்று நேற்று அவரே எழுதிக் கொடுத்தார். ஆயிக்குப் பைட்டணி எடுத்தாகிவிட்டது, மயில் பச்சை. ஹல்தி பற்றிக் கேட்டபோது என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவர்கள் சித்தப்பா வருவாரா என்பது மட்டும் இன்னும் தெரியாது, நேரில் போய்ப் பத்திரிகை வைக்க மாப்பிள்ளை அடுத்த வாரம் சிப்ளூண் போகிறார், நானும் கூடப் போகிறேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை தேதி குறித்தாகிவிட்டது, மெகா பிளாக் கவலை இல்லை. கர்ஜத்தில் மூன்று வீடு உள்ள ஒரு இடத்தைப் போய் எல்லாக் கதவையும் திறந்து பார்த்துவிட்டோம், கட்டில் எண்ணிக்கை எழுதி வாங்கிவிட்டோம். மாட்டுங்கா அண்ணா, அங்கே வெளிச் சமையலுக்கு அனுமதி உண்டு, காபி அடுப்பு இரண்டு இடத்தில் வேண்டும், மறுநாள் சொதி கட்டாயம். உங்களுக்கு அந்த வாரம் ஒழிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.